சனிக்கிழமை அக்கறை

"உட்கார்ந்தே இருந்தா மூட்டு துருப்பிடிச்சிடும். பூங்காவுல நாலு சுத்து சுத்திட்டு மெதுவா வாங்க," என்று பெற்றோரை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தான் மகன், வாஷிங்மெஷின் மெக்கானிக். வயது முப்பத்தாறு. சனிக்கிழமை மட்டும் அவர்கள் உடம்பின்மேல் அவனுக்கு அப்படியொரு அக்கறை.

தெருமுனை திரும்பியதும் அப்பா முனகினார். "தலைக்கு டை அடிச்சிருக்கான். வீட்டைப் பெருக்கியிருக்கான். யார் காதுல பூ சுத்துறான்?"

"பேசாம நடங்க," என்றாள் அம்மா.

பூங்கா பெஞ்சில் இவர்களுக்கு இடம் போட்டுவைத்திருந்த தம்பதி, ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்.

"உங்க பொண்ணு கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள் அம்மா.

"தோழிக்குக் காய்ச்சலாம். சென்ட் அடிச்சுக்கிட்டுப் பார்க்கப் போயிருக்கா."

அப்பா டீயை வாங்கிக்கொண்டார். "மண்டபம் பேசி முடிச்சுட்டேன் சம்பந்தி. இனி அதுங்க ரெண்டும் நம்மகிட்ட விஷயத்தைச் சொல்றதுதான் பாக்கி."