ஏலத்துக்கு வந்த வானம்

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, தேவாலய முற்றத்தில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் நடக்கிறது. நோர்மனின் இதரை வாழைக்குலை இந்த வருடமும் முதல் மேசையில்தான் கிடக்கிறது. நீர்வேலித் தோட்டத்தில் அவரே பார்த்துப் பார்த்து வளர்த்த குலை. வெட்டுவாயில் இன்னும் பால் கசிகிறது. சனமோ அடுத்த மேசையை மொய்த்து நிற்கிறது. அங்கே இளம் விஞ்ஞான வாத்தியார் பிறேம் சட்டம் போட்டுக் கொண்டுவந்த படம் இருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. செம்பாட்டு மண் புழுதி கிளம்பியதுபோல முகில்கள், அவற்றின் நடுவே நீல நட்சத்திரங்கள். வேப்பங்கிளையூடாக விழும் வெயில் கண்ணாடியில் அசைய, அவையும் மினுங்குகின்றன. குலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உந்தப் படம் எடுத்த காசுக்கு எத்தினை ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்? உதைத் தின்னேலுமோ?" என்கிறார் நோர்மன், எல்லாருக்கும் கேட்க.

"ஆஸ்பத்திரியும் வேணும்தான் அண்ணை," என்கிறான் பிறேம். "ஆனா சனத்துக்கு அண்ணாந்து பாக்கவும் ஏதும் வேணுமெல்லே."

ஏலம் கூறுபவர் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். ஏலக் கேள்வி ஏறுகிறது. பெண்கள் பக்கத்தில் வளையல் சத்தத்தோடு ஒரு கை உயர்கிறது. நோர்மனின் மனைவி பொன்மலர். முப்பது வருடத்தில் அவள் ஏலத்தில் கை தூக்கியதில்லை. கண்வெட்டாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாய் இலேசாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் குலையை வெட்டியதும் நோர்மன் முதலில் அவளிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவார். "நல்லாயிருக்கு" என்பாள், அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.