ஆறட்டும்

தெருமுனையில், காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார் பெரியவர். மெக்கானிக் பைக்கிலிருந்து இறங்கினான்.

“கூப்பிட்டு வாய் மூடலை, வந்து நிக்கிறியே தம்பி! நீயே வந்தது நல்லதாப் போச்சு. பாப்பாவுக்குப் பல்லு முளைச்சுதா?”

“முளைச்சிடுச்சு சார். வண்டி மறுபடியும் சூடாயிடுச்சா?”

“கொதிக்குதுப்பா. ரொம்ப தூரம் ஓட்டிட்டேன்.”

மெக்கானிக் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

“ஐயையோ, தொடாதே! வெந்நீர் மூஞ்சியில பீச்சி அடிக்கும். போன தடவை நீதானே சொன்னே? ஆறட்டும். டீ கொண்டு வந்திருக்கேன், குடிச்சுக்கிட்டே பேசிட்டிருப்போம்.”

“நேரமாச்சுன்னா வீட்டுல தேட மாட்டாங்களா சார்?”

“தேடுறதுக்கு யாருப்பா இருக்கா?”

பெரியவர் பிளாஸ்க்கை எடுக்கப் பின்சீட்டுப் பக்கம் குனிந்தார். அந்த நேரத்தில் மெக்கானிக் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. இன்ஜினும் அப்படியே. கார் இன்று இந்தத் தெருவைத் தாண்டியிருக்கவே இல்லை.

இரண்டு டம்ளர்களோடு நிமிர்ந்தவர், மூடியின் மேலிருந்த அவன் கையைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

மெக்கானிக் வெடுக்கென்று கையை இழுத்து உதறினான்.

“யப்பா, என்னா சூடு சார்! ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். ஊத்துங்க டீயை.”