யாகப்பரின் சத்தமில்லாத விமானம்

“நம்ம ஊரு மடுல்கெல்லைக்கு மேல நம்ம பிளேன் போனா, முட்டையில படுத்த கோழிகூட முழிக்காது!” என்று ஓய்வுபெற்ற யாகப்பர் கண்டி வரைக்கும் பீற்றிக்கொள்வார். ஓட்டுவது கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். ஆனாலும் வீடுகளுக்கு மேலே வந்ததும், நிஜ விமானிகளைப்போல எஞ்சின் வேகத்தைக் குறைப்பார். பக்கத்து அறையில், ஆஸ்பத்திரி கைவிட்ட அவர் மனைவி சூசையம்மாவுக்குத் தூக்கம் ஒன்றுதான் மிச்சம்.

“ஸ்பீக்கரே இல்லாத பெட்டிக்கு இம்புட்டு மரியாதையாப்பா?” என்று சிரித்த மகள் றொசானா, செவ்வாய் மதியம் அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் வேகத்தை முழுக்கக் கூட்டினாள்.

கூரைத் தகரம் அதிர்ந்தது. சூசையம்மா விழித்து முனகினார். றொசானா கம்ப்யூட்டரை நிறுத்தியும் தகரத்தின் அதிர்வு நிற்கவில்லை.

“காத்துப்பா,” என்றாள் றொசானா, ஓடிவந்த யாகப்பரிடம்.

வெள்ளிக்கிழமைவரை தகரமும் ஓயவில்லை, சூசையம்மாவும் தூங்கவில்லை. யாகப்பர் கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் ஓடுதளம் இருந்தது, விமானத்தைக் காணோம்.

றொசானா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“நாந்தாம்ப்பா கூட்டினேன். இன்னும் மேலதான் சுத்துது. எப்பிடியாச்சும் எறக்குங்க.”