இருபத்து மூன்றாவது ஆள்

துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் ரூமில் மகேசன், கிருபன், ஸ்ரீகாந்த் மூவரும் இருந்தார்கள். லீவு நாள் மதியம் பழைய கௌபாய் படம் போட்டு, சுடப்பட்டு விழும் செவ்விந்தியர்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை தவறியவன் பாத்திரம் கழுவ வேண்டும்.

சிப்பாய்கள் கூடாரங்களைக் கொளுத்தியபோது மகேசன் விசிலடித்தார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவருடைய வீட்டை இராணுவம் எடுத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

“இருபத்து மூண்டு,” என்றான் கிருபன்.

“எனக்கும் அதேதான். இன்னொரு தடவை ஓட்டு, அண்ணன் நம்பமாட்டாரு,” என்றான் ஸ்ரீகாந்த்.

மறுபடி ஓட்டினார்கள். இருபத்திரண்டு பேர்தான் விழுந்தார்கள். ஒரு குதிரை ஆளில்லாமல் நின்றது.

அந்தக் குதிரையில் இருந்த ஆள் ரூமுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தோளெல்லாம் புழுதி. மகேசனின் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

“தம்பி, எங்கட இடத்தைப் பிடிச்சிட்டாங்கள். கொஞ்ச நாள் இஞ்ச இருக்கலாமோ?”

“என்ர கட்டில்ல படுக்கட்டும் அண்ணை,” என்றான் கிருபன்.

வெளியாள் தங்கினால் கேம்ப்பை மேற்பார்க்கும் பாஸ் மூவரையும் துரத்திவிடுவார்.

“இடமில்லை ஐயா,” என்றார் மகேசன். இதே பதிலை வாங்கிக்கொண்டு அவரும் பல வாசல்களில் நின்றிருக்கிறார்.

அந்த ஆள் எழுந்து வெயிலில் இறங்கினார். மகேசன் தலை நிமிராமலே கதவைச் சாத்திப் பூட்டினார்.