அந்த மூக்குதான் வேணும்

"இந்த மூக்கா? விளையாடறியாம்மா?"

டாக்டர் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். நடுவில் மேடு தட்டி, நுனி சரிந்த மூக்கு. எதிரே உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கோ செதுக்கி வைத்த மாதிரி எடுப்பான மூக்கு. இருபது வருஷத் தொழிலில் எத்தனையோ பிள்ளைகள் செல்போனை நீட்டி, இந்த நடிகை மாதிரி வேண்டும் என்று கேட்டதுண்டு. இப்படித் தலைகீழாக ஒருத்தியும் கேட்டதில்லை.

"கடவுள் பார்த்துக் கொடுத்த மூக்கு. இதைப் போய்க் கெடுக்கச் சொல்றியே!"

"டாக்டர், முதல்லேர்ந்து சொல்லிடறேன்..." என்று பக்கத்தில் இருந்த பெண்ணின் அம்மா இழுத்தாள்.

"கதையெல்லாம் அப்புறம். வெளியில முப்பது பேர் காத்திருக்காங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"இவ அப்பாவுக்கு மூளையில கட்டி. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருக்கு. படத்துல இருக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வான்னு ஒரே பிடிவாதம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விட்டுடறார். மூணு மாசம் தாங்கறதே பெருசுன்னு சொல்லிட்டாங்க."

டாக்டருக்கு விளங்கிவிட்டது. அக்காக்காரி! எவனோடோ ஓடிப்போயிருப்பாள். பெற்றவன் சாகக் கிடக்கிறான், அந்தக் கல்நெஞ்சுக்காரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே சின்னது தன் முகத்தை அறுத்துக்கொள்ள வந்து உட்கார்ந்திருக்கிறது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்காக சாகப் போற மனுஷனை ஏமாத்தறதா? வீக்கம் வடியவே ரெண்டு மாசம் ஆகும். பேசாம அந்தப் பொண்ணு கையில கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போங்கம்மா. எங்கே இருக்கா அவ?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இது நான்தான் டாக்டர். கிளாஸ்ல கேலி பண்றாங்கன்னு போன வருஷம் அழுது அடம்பிடிச்சு உங்ககிட்ட வந்தேன். நீங்கதான் மாத்தினீங்க. இப்போ நான் பக்கத்துல போய் உட்கார்ந்தா, 'நர்ஸம்மா, என் பொண்ணு எப்போ வருவா?'ன்னு அப்பா என்கிட்டயே கேட்கிறார்."