பக்கத்து நாற்காலி

"அந்தப் படக்கதை வேலையை உங்க ஓரகத்திக்கே குடுத்துட்டோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அச்சக மேனேஜர் போனை வைத்த பிறகும் பெரியவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

பத்துப் பதினைந்து வருஷமாக அந்த அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு மவுசைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். இப்போது குழந்தைகள் புத்தகம், கலர் கலராய்ப் படம், பெரிய வேலை. எல்லாம் சின்னவளுக்கு!

"உன் சிஷ்யைதானே? சந்தோஷப்படேன்" என்றார் கணவர்.

"சந்தோஷமாத்தான் இருக்கேன். அதுக்காகப் பல்லைக் காட்டிக்கிட்டே திரியணுமா?"

மறுநாள் காலையில் சின்னவளே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கணும். நீங்க வந்து பார்த்து எடுத்துக் குடுங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயேன்."

"அவரா? அட்டைப்பெட்டி அழகா இருந்தா வாங்கிட்டு வந்துடுவார். நீங்கதான் வரணும்."

சாமி கும்பிடும்போது வீட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, "நல்லா வைப்பா" என்று வேண்டிக்கொள்வது பெரியவள் வழக்கம். அன்று சின்னவள் பெயர் வருகிற இடத்தில் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

கடையில் சுவர் நீளத்துக்கும் மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே பூந்தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சின்னது போதுமே" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா, அகலமா இருக்கட்டும்."

"எதுக்கு அவ்வளவு அகலம்? ஒருத்தி உட்கார்ந்து பார்க்கத்தானே?"

"இருக்கட்டும்க்கா." சின்னவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பெரியவளுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது. வேலை வந்ததும் எவ்வளவு மிதப்பு!

அகலமானதில் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெரியவள் ஒவ்வொன்றின் முன்னாலும் நேராக நின்று பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். முதலாவதில் பூக்கள் அப்படியே இருந்தன. இரண்டாவதில் ஓர் அடி நகர்ந்ததுமே மஞ்சள் பூவெல்லாம் சாம்பலாகி, இலைகள் கறுத்து, தோட்டமே இருண்டு போனது.

இதை வைத்துக்கொண்டு கலர் படம் பார்த்தால், கழுத்தை அசைக்காமல் பொம்மை மாதிரி உட்கார வேண்டியதுதான். கொஞ்சம் சாய்ந்தால் நிறம் மாறிவிடும். பெரியவளுக்குத் தெரியாததா?

சின்னவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எடு" என்று இரண்டாவதைக் காட்டினாள் பெரியவள். "நேரா நின்னு பாரு. என்ன பளிச்சுன்னு இருக்கு!"

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மேடம், அது வந்து..."

"எனக்குத் தெரியும்ங்க. நான் இதே வேலையிலதான் இருக்கேன்."

பெரியவள் வண்டி பிடிக்க வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாடிப் பக்கமே அவள் போகவில்லை. 'அப்படி என்ன பண்ணிட்டேன்? அவ கண்ணு, அவ பார்த்து எடுத்திருக்கணும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து மாடிப்படியில் நின்று சின்னவள் குரல் கொடுத்தாள்.

"அக்கா! சீக்கிரம் மேல வாங்களேன்!"

வந்துவிட்டது புகார் என்று நினைத்துக்கொண்டே பெரியவள் ஏறினாள்.

மேசைமேல் புது மானிட்டர். முன்னால் நடுவில் ஒரு நாற்காலி, ஓரத்தில் அதை ஒட்டினாற்போல இன்னொன்று.

"மேனேஜர் இப்பத்தான் ஒத்துக்கிட்டார்க்கா. 'எங்க அக்கா இல்லாம இதை நான் தொட மாட்டேன், ரெண்டு பேர் பேருக்கும் எழுதுங்க'ன்னு வேலை குடுத்த அன்னைக்கே சொல்லிட்டேன். முடியவே முடியாதுன்னார். அதான் முடிவாகிற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடல. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கத்தான் இவ்வளவு அகலமா கேட்டேன். உட்காருங்க!"

பெரியவள் கைக்குக் கிடைத்த ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு சிறுமி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலிருந்து அவள் சட்டை சாம்பல். முகம் கறுப்பு. கண் இருக்கிற இடமே தெரியவில்லை.



"இது... சரியில்லம்மா. கடையில குடுத்து மாத்திடலாம். அந்தக் கடைக்காரர் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரேக்கா. நீங்க வண்டி பிடிக்கப் போனதும், 'பக்கத்துல இருந்து பார்த்தா இருட்டடிக்கும், வேற எடுங்க'ன்னார். 'எங்க அக்கா எடுத்துக் குடுத்தா தப்பா இருக்காது'ன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

சின்னவள் எழுந்தாள். பெரியவளின் தோளைப் பிடித்து நடு நாற்காலிக்கு நகர்த்தினாள்.

"அதனால என்னக்கா? நீங்க நடுவுல உட்காருங்க. இருட்டுப் பக்கம் நான் உட்கார்ந்துக்கறேன்."