அனுப்பாத சம்மதம்

அவரவர் போனே அவரவருக்காகச் சம்மதம் சொல்லிவிடும் காலம். பி.காம். முதலாண்டுக்கு ரெஜினா மேடம் ஒப்பந்தச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார்.

"நம்ம சம்மதம் எதிராளிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வாபஸ் வாங்கிக்கலாம்."

"அதுக்கு எங்க மேம் நேரம்? ஓசூர் கம்பெனியில எட்டு வருஷம் வேலை பார்க்க என் போன் நேத்தே ஒத்துக்கிட்டிருக்கும். எனக்கு இஷ்டமே இல்ல," என்றாள் இசக்கிப்ரியா.

"மாட்டினடி," என்று சிரித்தாள் பக்கத்தில் இருந்த ஷர்மிளா.

இசக்கிப்ரியாவின் போன் பேசியது: "இன்னும் அனுப்பல. நீ இந்தப் பாடம் கேட்கட்டும்னு வச்சிருக்கேன். அனுப்பட்டுமா?"

அப்படிக் காத்திருக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. இசக்கிப்ரியா, "வேண்டாம்," என்றாள்.

ஷர்மிளாவின் பைக்குள்ளிருந்து இன்னொரு குரல் கேட்டது: "நானும் ஒண்ணு வச்சிருக்கேன். அனுப்பட்டுமா?"

பிறகு வகுப்பிலிருந்த எல்லாப் பைகளும் பேசத் தொடங்கின.